குருத்து: தோப்பில் ஒரு பொருள், கோயிலில் ஒரு பொருள்

தாவரவியல் முதல் வருடம் படிக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. பாடப்புத்தகத்தில் முளைக்குருத்து என்று வருகிறது, ஊரில் தென்னைக்கு நடுக்குருத்து காய்ந்துவிட்டது என்கிறார்கள், பத்திரிகையில் குருத்தணு சிகிச்சை என்று எழுதுகிறார்கள், கிறிஸ்தவக் கோயிலில் குருத்து ஞாயிறு வருகிறது. இதெல்லாம் ஒரே சொல்தானா, இல்லை தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு வேறு சொற்களா? அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டார்: இயேசுவை வரவேற்க எருசலேமில் மக்கள் பிடித்தது பேரீச்சை ஓலை என்றால், நாம் தென்னை ஓலையும் பனை ஓலையும் பிடிப்பது தவறா?

ஒரே சொல்தான். தோப்பில் அது ஓலையின் ஒரு பருவத்துக்குப் பெயர், கோயிலில் ஆண்டில் ஒரு நாளுக்குப் பெயர். இரண்டு இடத்திலும் அது எந்த மரம் என்று சொல்வதே இல்லை. பனையா தென்னையா பேரீச்சையா என்று வருடா வருடம் நடக்கும் வாக்குவாதம் முழுவதும், குருத்தோலை என்பது ஏதோ ஒரு குறிப்பிட்ட மரத்தின் ஓலை என்று நினைத்துக்கொள்வதால் வருவது. ஞாயிறு பள்ளியில் நான் பாடம் எடுத்த காலத்தில், குருத்து என்று ஒரு மரம் இருப்பதாக நம்பிய பிள்ளை வருடத்துக்கு ஒன்றாவது இருக்கும். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு எப்படித் தெரியும்?

எங்கள் பனங்காட்டுப் பக்கம் ஓலைக்கு வயதுக்கு ஒரு பெயர் உண்டு. கொண்டையின் நடுவில் வாள் மாதிரி மூடி நிற்பது குருத்தோலை. அதற்கு அடுத்து விரிய ஆரம்பித்தது சார்வோலை. பழுத்துக் காய்ந்து சரசரவென்று தொங்குவது காவோலை. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்ற பழமொழியைப் பாட்டிமார் வாயில் கேட்காமல் வளர்ந்தவர்கள் தெற்கே குறைவு. அந்தப் பழமொழியில் பனை என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? ஓலையின் வயதைச் சொன்னாலே போதும், மரம் தானாகப் புரிந்துவிடும் என்கிற இடத்தில் பிறந்த பேச்சு அது.

ஆனால் எல்லாச் செடிக்கும் குருத்து என்று சொல்லிவிட முடியாது. வேம்புக்குக் கொழுந்து, மாவுக்குத் தளிர். வேப்பங்குருத்து என்று யாராவது சொன்னால் காது உடனே மறுக்கும். தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தைப் பற்றி எழுதியபோது இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். புளி, வேம்பு போன்றவற்றுக்கு முறி அல்லது கொழுந்து. சோளம், கரும்பு, தென்னை, பனை போன்றவற்றுக்குக் குருத்து. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு நாம் மறந்துபோன அந்த வரியை, தாவரவியல் படிக்கிறவர் என்ற முறையில் இப்போது மறுபடி பாருங்கள். சோளமும் தென்னையும் எந்த வகையில் ஒன்று? ஒன்று இடுப்பளவோ ஆளுயரமோ வளர்ந்து நான்கு மாதத்தில் அறுப்புக்கு வருவது, இன்னொன்று அறுபது எழுபது வருடம் நிற்பது. இரண்டும் ஒருவித்திலைத் தாவரம், அதுதான் ஒற்றுமை. தொல்காப்பிய மரபியலும் இதே கோட்டை வேறு விதமாகப் போட்டிருக்கிறது: வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு எல்லாம் புல்லுக்கு உரிய சொற்கள். இலை, தளிர், முறி, குழை எல்லாம் மரத்துக்கு உரியவை. காட்டையும் தோட்டத்தையும் கண்ணால் பார்த்துச் சொன்ன பிரிவு இது, எனக்கு இதில் இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

சரி, குருத்துக்கு மட்டும் ஏன் தனிப் பெயர் தேவைப்பட்டது? வேம்பில் நூறு கிளை, கிளைக்கு நூறு நுனி, ஒவ்வொரு நுனியிலும் கொழுந்து. ஒன்றைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு வெடிக்கும். தென்னைக்கும் பனைக்கும் அந்த வசதி கிடையாது. முழு மரத்துக்கும் வளரும் நுனி ஒன்றே ஒன்று, அது உச்சியில் மட்டைகளின் அடிப்பகுதி பல அடுக்காகப் பொத்திவைத்த இடத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பாடம் நுனி ஆக்குத்திசு என்று சொல்வது அதைத்தான். அங்கே உருவாகிற ஓலை ஒன்று வெளியே தலைகாட்டவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நன்றாகப் பராமரிக்கிற தென்னை வருடத்துக்கு 12 முதல் 14 மட்டை விடும், அதாவது மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிற குருத்து என்பது நேற்று முளைத்த சிறுசு இல்லை, இரண்டு வருடம் இருட்டில் காத்திருந்து வெளியே வந்த ஓலை.

அந்த இருட்டுதான் குருத்தின் நிறத்துக்கும் காரணம். வெளிச்சம் படாத இடத்தில் பச்சையம் உண்டாகாது, அதனால் வெண்மை கலந்த மஞ்சள். வெயில் பட்டு விரிய விரியப் பச்சை ஏறும். இன்னொரு விஷயம், தென்னை மட்டையில் நாம் பார்க்கிற தனித்தனி ஓலைகள் தனித்தனியாக முளைத்தவை இல்லை. உள்ளே இருக்கும்போது அது ஒரே தகடு, விசிறி மாதிரி மடித்து மடித்து அடுக்கப்பட்டது. மடிப்பு வழியாகப் பிளந்துதான் கீற்றாகிறது. பனையில் அந்தப் பிளவு பாதியோடு நின்றுவிடுவதால் அது விசிறியாகவே தங்கிவிடுகிறது. இந்த மடிப்பை நம்புவதற்குச் சிரமமாக இருந்தால் காண்டாமிருக வண்டு தாக்கிய தென்னையைப் போய்ப் பாருங்கள். எருக்குழியில் வளர்கிற அந்தக் கருவண்டு, மூடியிருக்கும் குருத்தைத் துளைத்து உள்ளே போகிறது. போட்டது ஒரு ஓட்டை. ஆனால் மாதம் கழித்து ஓலை விரியும்போது இரண்டு பக்கமும் கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி வரிசையாக முக்கோண வெட்டு. காகிதத்தை மடித்து ஒரு மூலையைக் கத்தரித்து விரித்தால் பூ வருமே, அதே கணக்குதான். வேளாண்மைத் துறையில் நான் வேலை பார்த்த முப்பது வருடத்தில் விவசாயிகளிடம் இதை விளக்க எப்போதும் பையில் ஒரு பழைய செய்தித்தாள் வைத்திருப்பேன்.

தோப்பில் குருத்து என்ற சொல் வந்தாலே பாதி நேரம் அது நோயின் பெயராகத்தான் இருக்கும். தென்னையில் குருத்தழுகல், அது பைட்டோப்தோரா என்ற பூஞ்சை வகை நுண்ணுயிரால் மழைக்காலத்தில் வருவது. நடுக்குருத்து வாடி, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் நாற்றம். அழுகலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போர்டோ பசை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடவினால் ஆரம்பத்திலேயே பார்த்த மரம் பிழைக்கும், நுனி வரை போய்விட்டால் பிழைக்காது. நெல்லில் குருத்துப்பூச்சி, இளம்பயிரில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும், இழுத்தால் வந்துவிடும், அதே பூச்சி கதிர் வரும் சமயம் தாக்கினால் வெண்கதிர். கரும்பில் இளங்குருத்துப் புழு. சோளத்தில் குருத்து ஈ. எல்லாப் பயிரிலும் தாக்குதல் அந்த ஒரே இடத்தில்தான். நடு போனால் அந்தத் தூர் போயிற்று, தென்னையில் மரமே போயிற்று.

பாடப்புத்தகத்து முளைக்குருத்து கொஞ்சம் வேறு. விதை முளைக்கும்போது கீழே போவது முளைவேர், மேலே வருவது முளைக்குருத்து, இதில் அவரையா நெல்லா என்ற பாகுபாடு பார்ப்பதில்லை. கலைச்சொல் உருவாக்கியவர்கள் சொல்லின் எல்லையை விரித்துவிட்டார்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை. பனங்கிழங்கைப் பிளந்து நடுவில் ஈர்க்கு மாதிரி ஒன்றை எடுத்துப் போடுகிறோமே, அதுதான் அந்தப் பனங்கன்றின் முதல் குருத்து, விட்டிருந்தால் மேலே வந்து ஓலையாகியிருக்கும். குருத்தணுவும் (ஸ்டெம் செல்) இதே வழியில் வந்த சொல்தான். ஆங்கிலத்தில் அதற்குத் தண்டைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். இன்னும் இன்னதாக ஆவேன் என்று முடிவாகாத, எதுவாகவும் ஆகக்கூடிய அணுவுக்குத் தண்டு என்பதைவிடக் குருத்து என்பது பல மடங்கு பொருத்தம். குருத்தெலும்பு உங்களுக்கே தெரியும், எலும்பைப் போல இறுகாமல் வளைந்து கொடுப்பது.

இப்போது கோயிலுக்கு வருவோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தைய ஞாயிறு, புனித வாரத்தின் வாசல். கத்தோலிக்கர் பொதுவாகக் குருத்து ஞாயிறு என்போம், சீர்திருத்தச் சபையினர் குருத்தோலை ஞாயிறு என்பார்கள். மார்ச் 15க்கும் ஏப்ரல் 18க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரலாம், பெரும்பாலும் பங்குனியில் வரும். இயேசு கழுதைக்குட்டி மேல் எருசலேமுக்குள் நுழைந்ததை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன, ஆனால் ஓலை என்று சொல்வது யோவான் ஒருவர்தான். மத்தேயுவில் மரக்கிளைகள். மாற்கில் வயல்வெளியில் வெட்டிய தழைகள். லூக்காவில் இலையும் இல்லை கிளையும் இல்லை, வழியில் விரித்த மேலுடைகள் மட்டும். அந்த நாளுக்கு உலகம் முழுக்கப் பெயர் கொடுத்தது யோவானின் ஒரு வரி.

அந்த வரியில் கிரேக்கத்தில் இருப்பது 'பயா தோன் பொய்னிகோன்', பேரீச்சைகளின் ஓலைகள். கிரேக்கச் சபையில் இன்றைக்கும் அந்த ஞாயிறு பயாக்களின் ஞாயிறுதான். கிளை என்று அவர் எழுதவில்லை, பேரீச்சைக்கு ஏது கிளை? ஐரோப்பிய மொழி பலவற்றில் இது கிளை என்று ஆகிவிட்டது. போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் அந்த நாளைக் கிளைகளின் ஞாயிறு என்றே அழைக்கிறார்கள். முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றது போர்த்துக்கீசியர் வழியாக, சவேரியார் வந்தது 1542இல். அவர்களிடமிருந்து எத்தனையோ சொற்களை வாங்கிக்கொண்ட தமிழ், இந்த நாளுக்குக் கிளை ஞாயிறு என்று சொல்லவில்லை. ஓலை என்றது, அதிலும் குருத்தோலை என்றது. பனை தென்னையோடு வாழ்கிறவர்களின் காதுக்கு அந்த இடத்தில் கிளை ஒட்டாது.

பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இந்த மரம் எப்படி எப்படி மாறுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், நல்ல வேடிக்கை. லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் யூதர்களின் கூடாரப் பண்டிகைக்குக் கொண்டுவரச் சொல்வது பேரீச்சின் ஓலைகள். எரிகோ பேரீச்சமரங்களின் பட்டணம். ஆனால் சங்கீதம் 92க்கு வந்தால் நீதிமான் பனையைப்போல் செழிக்கிறான்! எபிரேயத்தில் எல்லா இடத்திலும் ஒரே மரம்தான், பேரீச்சை. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு பின்னால் வந்து அந்தத் திருப்பாடலிலும் பேரீச்சை என்று திருத்திக்கொண்டது, அது சரியான திருத்தம்தான், ஆனாலும் கட்டாந்தரையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிமிர்ந்து நிற்கிற பனையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நீதிமான் பனையாக இருப்பதுதான் மனதில் நிற்கும், என் விருப்பம் பழையதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில், யோவானிலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும், மரத்தின் பெயரே சொல்லாமல் குருத்தோலை என்று வைத்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பேரீச்சைக்கும் குருத்து உண்டு, பனைக்கும் உண்டு, தென்னைக்கும் உண்டு. மூலத்துக்கும் துரோகம் இல்லை, கடலோரத்துக்காரன் தென்னையையும் தேரிக்காட்டுக்காரன் பனையையும் எடுத்துக்கொண்டு போகத் தடையும் இல்லை.

அதோடு குருத்து என்பது வெறும் அழகுக்குச் சேர்த்த சொல்லும் இல்லை என்பது என் எண்ணம். யூதர்கள் கூடாரப் பண்டிகையில் கையில் பிடிப்பதற்கு லூலாவ் என்று பெயர். அது பேரீச்சையின் விரிந்த ஓலை இல்லை, இன்னும் விரியாமல் மூடி நிற்கிற நடு ஓலை; விரிந்து பிளந்திருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியே நம் குருத்தோலை! யோவான் காட்டுகிற கூட்டம் பிடித்தது மூடியதா விரிந்ததா என்று அவர் எழுதவில்லை, ஆனால் அந்த ஊரில் கையில் ஓலை எடுத்துக் கொண்டாடுவது என்றால் எது நினைவுக்கு வரும் என்பதற்கு லூலாவ் ஒரு நல்ல சாட்சி. மக்கபேயர் முதல் நூலில், கி.மு. 141இல் யூதத் தலைவர் சீமோன் எருசலேம் கோட்டைக்குள் வெற்றியோடு நுழைந்தபோதும் மக்கள் கையில் பேரீச்சை ஓலைதான். அதனால் அந்த ஓலைக்கு விடுதலையின் வாடை இருந்தது, வெறும் வரவேற்பு வளைவு இல்லை. ஓசன்னா என்ற கூக்குரலும் அதே பண்டிகையில் ஒலிப்பதுதான், 'காப்பாற்று' என்று பொருள். அந்தப் பண்டிகையின் ஏழாம் நாளுக்கு ஓசன்னாவை வைத்துத்தான் பெயர், அன்றைக்குக் கையில் கட்டிப் பிடிக்கிற ஆற்றோரச் செடியின் கொத்துக்கும் ஓசன்னா என்றே பெயர். பழைய தமிழ் விவிலியம் ஆற்றலரி என்கிறதே, அந்தச் செடிதான். ஒரு செடிக்கொத்துக்கும் ஒரு திருநாளுக்கும் ஒரே பெயர் அமைவது நமக்கு மட்டும் நடந்தது இல்லை என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

பவனியாகப் போகும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டால், 380களில் எருசலேமுக்கு யாத்திரை போன எஜீரியா என்ற பெண்மணியின் குறிப்பு இருக்கிறது. ஒலிவ மலையிலிருந்து மக்கள் இறங்கி வருகிறார்கள், நடக்கத் தெரியாத குழந்தைகள் கூடப் பெற்றோர் தோளில் உட்கார்ந்து, சிலர் கையில் பேரீச்சை, சிலர் கையில் ஒலிவக் கிளை. பார்த்தீர்களா, எருசலேமிலேயே அப்போதே ஒரே மரம் இல்லை. மரத்தை மாற்றினால் தவறா என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகப் பழைய பதில் இதுதான்.

வடக்கே குளிர் நாடுகளுக்கு இந்தத் திருநாள் போனபோது சொல்லுக்கு நடந்ததுதான் எல்லாவற்றிலும் சுவையானது. அங்கே பேரீச்சையும் இல்லை பனையும் இல்லை, மார்ச் மாதத்தில் பெரும்பாலான மரம் மொட்டை. அந்தச் சமயத்தில் முதலில் உயிர் காட்டுவது வில்லோ, அதாவது ஆற்றுப்பாலை. பூனைக்குட்டியின் ரோமம் மாதிரி வெள்ளி நிறத்தில் பூங்கதிர் விடும். அதை வெட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். ரஷ்யாவில் அந்த நாளின் பெயரே ஆற்றுப்பாலை ஞாயிறு என்று ஆகிவிட்டது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் தலைகீழாக நடந்தது, நாளின் பெயரை மாற்றாமல் செடியின் பெயரை மாற்றிவிட்டார்கள்! இங்கிலாந்துக் கிராமங்களில் ஆற்றுப்பாலைக்கே பாம் (palm) என்று பெயர், ஜெர்மனியில் அந்தப் பூங்கதிருக்குப் பாம் பூனைக்குட்டி என்று அர்த்தம் வரும் சொல். பனைக்குடும்பத்துக்கு உரிய பெயர், அதோடு துளியும் உறவில்லாத ஒரு செடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, திருநாள் ஒன்றின் காரணமாக. நமக்கு ஓலையின் பெயர் திருநாளுக்குப் போயிற்று, அவர்களுக்குத் திருநாளின் பெயர் செடிக்குப் போயிற்று. நாளைக்கு ஐரோப்பியத் தாவரப் பெயர்ப் பட்டியல் ஏதாவது ஒன்றில் ஆற்றுப்பாலைக்கு எதிரே பாம் என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்பெயினில் எல்சே என்ற ஊர் இருக்கிறது, அங்குள்ள பேரீச்சந்தோப்பு 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே இந்த ஞாயிறுக்காகவே மரத்தின் கொண்டையை மாதக்கணக்கில் இறுகக் கட்டி, வெளிச்சம் போகாமல் மூடிவைக்கிறார்கள். உள்ளே வளரும் ஓலை பச்சையாகாமல் வெளுத்த மஞ்சளாகவே நீண்டு வருகிறது, அதை வெட்டிப் பின்னி வேலைப்பாடு செய்து ரோமாபுரி வரை அனுப்புகிறார்கள். அதாவது வயதான ஓலையையும் குருத்தாகவே நிறுத்திவைக்கும் வித்தை. இப்படிக் கட்டிய மரத்துக்கு அப்புறம் சில வருடம் ஓய்வு கொடுத்தாக வேண்டும், தொடர்ந்து கட்டினால் தாங்காது. பச்சையம் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மலையாளிகளுக்கும் நமக்கும் இதில் சொல் ஒன்றே. சுரியானிக் கிறிஸ்தவர்கள் ஓசானா ஞாயிறு என்றும் குருத்தோலப் பெருநாள் என்றும் சொல்வார்கள், முந்தைய நாள் வீட்டுக்கு வீடு கொழுக்கட்டை, அந்தச் சனிக்கே கொழுக்கட்டைச் சனி என்று பேர். பிலிப்பைன்ஸில் தென்னங்குருத்தைப் பின்னிச் செய்வது பலாஸ்பாஸ். நம் ஊரில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற குருத்தோலைத் தோரணமும் அதே ஓலைதான், மங்கலத்துக்கு ஒரு மாதிரி மடிப்பு, சாவுக்கு வேறு மாதிரி மடிப்பு. குருத்தோலைச் சிலுவை முடையும் விரல்களும் தோரணம் முடையும் விரல்களும் பல வீடுகளில் ஒன்றே, எங்கள் தெருவில் இரண்டையும் கற்றுக்கொடுத்தவர் ஒரே ஆச்சிதான்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குருத்து என்ற சொல்லின் இரண்டு பொருளும் உரசிக்கொள்கிற இடம் அதுதான். சில வருடத்துக்கு முன்னால் ஒரு சபையில், இளைஞர்கள் சிலர் ஆர்வத்தில் சனிக்கிழமை ராத்திரி ஏணி வைத்து, வளாகத்தில் நின்ற ஐந்து வயதுத் தென்னங்கன்றுகளில் குருத்து வெட்டினார்கள். ஓலையை மட்டும் எடுக்கத் தெரியவில்லை, நீளமாக வேண்டும் என்று அடியோடு பிடித்து இறக்கிவிட்டார்கள். மறுநாள் பவனி நன்றாகத்தான் நடந்தது. இரண்டு மாதத்தில் மூன்று கன்றுகள் செத்தன, நான்காவதில் வெட்டுக்காயம் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு இறங்கி அதையும் முடித்தது. எனக்குத் தகவல் வந்தபோது செய்ய ஒன்றும் இல்லை, தண்டு நிற்கிறது, மேலே ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, குருத்து என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்காததுதான் வருத்தம்.

சிறுவயதில் எங்களுக்கு வெட்டிக் கொடுத்தவர் பனையேறி ஒருவர். பங்குனியில் பதநீர்க் காலம் தொடங்கியிருக்கும், அவர் எப்படியும் மரத்தில்தான் இருப்பார். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்க மாட்டார், வடலியை, அதாவது இளம்பனையை, தொடவே மாட்டார், சென்ற வருடம் எடுத்த மரத்தை இந்த வருடம் விட்டுவிடுவார். முழுக்க மூடிய நடுக்குருத்தை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து நுனி பிரிய ஆரம்பித்ததைத்தான் பெரும்பாலும் இறக்குவார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதையும் குருத்து என்றே வாங்கிக்கொள்வோம், அவரும் திருத்தியதில்லை. தென்னைக்கும் அதே முறைதான் நல்லது. மட்டையின் வெளியே தெரிகிற பகுதியில் இருந்து கைநீளத்துக்குக் கீற்று மட்டும் நறுக்கி எடுத்தால் ஐம்பது பேருக்கு ஒரு மட்டையே போதும், அடிக்கு அரிவாள் போகவே கூடாது. காய்ப்பு மரமாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும், ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வருகிறது, அந்த மட்டைதான் அதற்குச் சோறு. வெட்டிய இடத்தில் ஈரம் காயும் முன் வண்டு வாசனை பிடித்துவிடும் என்பதால் வேப்பம் புண்ணாக்கை மணலோடு கலந்து மேல் மட்டைகளின் இடுக்கில் போட்டுவிடுங்கள்.

ஞாயிறு முடிந்த பின் ஓலையைக் குப்பையில் போட வேண்டாம். வீட்டில் சுரூபத்துக்கு, அதாவது திருவுருவச் சிலைக்கு, பின்னால் செருகி வையுங்கள், அடுத்த வருடம் தவக்காலம் தொடங்கும் முன் கோயிலில் கேட்டு வாங்குவார்கள், சாம்பல் புதன் அன்று நெற்றியில் பூசுகிற சாம்பல் அதை எரித்ததுதான். அதற்குள் அது நன்றாகக் காய்ந்து காவோலை நிறத்துக்கு வந்திருக்கும்.

சிலுவை முடைய வேண்டும் என்றால் சனிக்கிழமை மாலை வெயில் தாழ்ந்த பிறகு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றித் திண்ணையில் நிழலில் வையுங்கள். உடனே முடைந்தால் மடிக்கிற இடத்தில் ஒடியும், ஒரு மூன்று மணி நேரம் கிடந்தால் வாடிக் கொடுக்கும். நடு ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு மடியுங்கள், ஈர்க்கை எறியாமல் வைத்திருங்கள், கடைசி முடிச்சைக் குத்தி நிறுத்த அது வேண்டும்.